பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள்

மருந்து கொடுப்பதற்குப் படித்துவிட்டு, மருந்து வேண்டாம் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. லண்டன் மோர்டனில் ஒரு சர்ஜரியில் நான் பார்மசிஸ்ட். குடும்ப டொக்டர்மார் இருந்து நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கு இங்கே சர்ஜரி என்று பெயர், கத்தி எடுப்பதில்லை. டொக்டர்மார் எழுதும் மருந்தைச் சரிபார்ப்பதும், தேவையில்லாததை நிறுத்துவதும், தடிமன், இருமல் போன்ற சின்னச் சின்ன வருத்தங்களை நானே பார்ப்பதும் என் வேலை. இப்போது அதற்கெல்லாம் மேலாக அன்ரிபயோட்டிக்கைக் குறைக்கும் வேலையும் சேர்ந்திருக்கிறது. தொட்டதற்கெல்லாம் அதைக் கொடுத்துக் கிருமிகள் பழகிவிட்டன. உண்மையாகவே தேவைப்படும் நாளில் மருந்து கைவிட்டுவிடுகிறது. அதனால் ஒவ்வொரு சர்ஜரியும் எவ்வளவு எழுதுகிறது என்று நாடு முழுக்கக் கவனிக்கிறார்கள். மாதாமாதம் மேலிடத்திலிருந்து ஒரு படம் வரும். குறைவாக எழுதினால் பச்சை, கூட எழுதினால் சிவப்பு. நாங்கள் நெடுங்காலம் சிவப்பாக இருந்து, இப்போதுதான் மெல்ல மஞ்சளுக்கு வந்திருக்கிறோம்.

வங்கியிலோ கவுன்சிலிலோ விசாக் கந்தோரிலோ, முகத்துக்கு நேரே “இல்லை” சொல்லிப் பிழைக்கிற எவருக்கும் என் பாடு விளங்கும். நீங்களும் நானும் ஒரே அடி வாங்குகிறவர்கள். எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. சொன்னது சரியா, சொல்லாமல் விட்டது பிழையா என்று வீட்டுக்கு வந்து கோப்பை கழுவும்போதும் கிண்டிக்கொண்டிருப்பேன். இந்தக் கிழமை அப்படி இல்லை. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் ஒன்று இறங்கியிருக்கிறது. ஒரு மனிதருடைய கால்விரலும் என்னுடைய கையெழுத்தும் சம்பந்தப்பட்ட விஷயம் அது. அதற்கு வருமுன், வழக்கமான அடிகள் சில.

பாரிஸ் டொக்டர்

பிரான்ஸில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து பலசரக்குக் கடை போட்டவர் ஒருவர் வந்தார். நாலு நாளாக மூக்கொழுகும் தடிமன், இருமல். தொண்டை பார்த்தேன், காது பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன், முதுகில் குழாயை வைத்து மூச்சுக் கேட்டேன். எல்லாம் சுத்தம். “இது வைரஸ் தடிமன், அன்ரிபயோட்டிக் இதைத் தொடாது, ஒரு கிழமையில் தானாகப் போகும்” என்றேன். மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. “பாரிஸிலை டொக்டர் என்னை வாசலிலை காணேக்கையே எழுதத் தொடங்கியிடுவார். நீங்கள் இவ்வளவும் தோண்டிப் பாத்துப்போட்டு ஒண்டுமில்லை எண்டுறியள். ஒண்டுமில்லை எண்டு எனக்குத் தெரியாதோ?” என்று எழுந்து போனார்.

அன்று முழுதும் எனக்குச் சரியாக இல்லை. நெஞ்சில் சளி கட்டத் தொடங்கியிருந்து, அது என் காதில் விழாமல் போயிருந்தால்? அடுத்த கிழமை வெண்டிக்காய் வாங்கும் சாட்டில் அவருடைய கடைக்குப் போனேன். மனிதர் தொலைபேசியில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். இருமல் இல்லை, மூச்சிரைப்பு இல்லை, குரல் கணீரென்று இருந்தது. ஏச்சு என்றாலும் என் காதுக்கு இனித்தது. சுகமா என்று கேட்டேன். வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னார்: “சுகம்தான். நீங்கள் ஒண்டும் தராமலே வந்திட்டுது. பிறகு உங்களுக்கு ஏன் நன்றி சொல்லுவான்?”

கைப்பையில் இருந்த சீட்டு

எங்கள் சர்ஜரியில் அன்ரிபயோட்டிக் விஷயத்துக்குப் பொறுப்பு டொக்டர் வசந்தி. மதுரைக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னைவிடப் பத்து மடங்கு தெளிவானவர். கொடுப்பதா விடுவதா என்று இழுபறியான இடத்தில் பொறுத்துப் பார்க்கும் மருந்துச் சீட்டு ஒன்று கொடுக்கும் வழக்கத்தை அவர் கொண்டுவந்தார். சீட்டை இன்றைக்கே தருவோம். மூன்று நாள் கழித்தும் குறையாவிட்டால் மட்டும் கடைக்குப் போய் மருந்து வாங்கவேண்டும். எனக்கு நம்பிக்கை இல்லை. நம்முடைய ஆட்கள் தெருவைக் கடக்குமுன் வாங்கி விழுங்கிவிடுவார்கள் என்றேன்.

குரோய்டனில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் சென்னைப் பெண் ஒருவர், முகமெல்லாம் கனத்து, மூக்கடைப்போடு வந்தார். வெள்ளிக்கிழமை பெரிய கூட்டம் ஒன்றில் பேசவேண்டுமாம். சீட்டைக் கொடுத்து மூன்று நாள் கணக்கை இரண்டு தரம் சொன்னேன். நாலாம் நாள் அதே சீட்டு, மடிப்புக்கூடக் கலையாமல், என் மேசைக்குத் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் நான் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமே செய்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னார்: “தானா ஒண்ணும் சரியாகல சார். மூணு நாளும் இது என் ஹேண்ட்பேக்ல இருந்துச்சுல்ல, அதுக்குப் பயந்துதான் சரியாச்சு.”

மூன்று நாட்டுக் குளிசைகள்

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்ரிபயோட்டிக்கை மருந்துக்கடையில் ஒப்படைக்கும்படி தமிழில் ஓர் அறிவித்தல் எழுதி வரவேற்பறையில் ஒட்டினேன். எழுதியவன் நான் என்பதால் ஓர் அக்கா கடைக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்துவிட்டார். கையில் பெரிய பிஸ்கட் டின். பின்னால் கணவர், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளையைப் போல. டின்னைத் திறந்தால் உள்ளே மாத்திரை அட்டைகள்: ஜெர்மனியில் இருந்தபோது வாங்கியவை, கொழும்புக்குப் போனபோது வாங்கியவை, எங்கள் சர்ஜரியில் எழுதியவை. ஒன்றாவது முழுதாக இல்லை.

ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் எடுப்பதும், ஒரு வருத்தத்துக்குத் தந்ததை இன்னொன்றுக்கு எடுப்பதும் எவ்வளவு பிழை என்று விளக்கினேன். கண்டபடி பாவித்தால் கிருமிக்கு நாமே பயிற்சி கொடுக்கிறோம் என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “தம்பி, நாங்கள் கண்டபடி பாவிக்கிற ஆக்கள் இல்லை. இருமலுக்கு ஜெர்மன்காரன்ரை, பல்லுக்குக் கொழும்பு, ஆரும் விருந்தாளி வருத்தமெண்டு வந்தால் உங்கடை.”

சிவப்புப் பட்டை

பெனிசிலின் ஒவ்வாதவர்களின் பதிவைக் கணினியில் திறந்தால் மேலே ஒரு சிவப்புப் பட்டை தெரியும். அதைக் கண்டால் எந்த டொக்டரும் பெனிசிலின் குடும்பத்தையே தொடமாட்டார். இரண்டாந்தர மருந்துக்குப் போவார். அந்த இரண்டாந்தர மருந்துகளில்தான் கிருமிகள் வேகமாகப் பாடம் படிக்கின்றன. ஆனால் பட்டை உள்ள பலருக்கு உண்மையில் அலர்ஜியே இல்லை. சின்ன வயதில் எதற்கோ தடித்த தோல், ஒரு நாள் வயிற்றோட்டம், தாய் சொன்ன கதை என்று ஏதோ ஒன்று பதிவில் ஏறி ஆயுளுக்கும் நின்றுவிடுகிறது. அவற்றை விசாரித்துத் துடைக்கும் முயற்சி இப்போது நாடெங்கும் நடக்கிறது. காரணம் எழுதப்படாத பட்டைக்காரர்களின் பட்டியலை டொக்டர் வசந்தி என்னிடம் தந்து, ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கேட்கச் சொன்னார்.

ஆங்கிலத்தில் கேட்பது சுலபம். தமிழில்தான் வில்லங்கம். ஒவ்வாமை என்ற சொல் அகராதியில் இருக்கிறது. எங்கள் வாயில் இல்லை. நாங்கள் சொல்வது “ஒத்துக்கொள்ளாது”. தொண்டை வீங்கி மூச்சடைத்தாலும் ஒத்துக்கொள்ளாது, ஏப்பம் வந்தாலும் ஒத்துக்கொள்ளாது. ஒருவர் தனக்கில்லை, தன் தமையனுக்கு என்றார். இன்னொருவருக்குக் குளிசையின் நிறம் பிடிக்கவில்லை. எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் என்னைப் பேசவே விடவில்லை. சர்ஜரியில் எல்லாருக்கும் நடித்துக் காட்டி இரண்டு நாள் சிரித்தேன். அவர் சொன்னது இது: “பெனிசிலின் மட்டுமில்லைத் தம்பி. கத்தரிக்காய், இறால், இந்த ஊர்த் தண்ணி, என்ரை மருமோன், ஒண்டும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. எல்லாத்தையும் எழுதிக்கொள்ளும்.”

புதிய நோயாளிப் படிவம்

மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து அங்குள்ள பார்மசிஸ்ட் ஒருவர் தொலைபேசி எடுத்தார். எங்கள் சர்ஜரி நோயாளி தனபாலன் அங்கே வார்டில் இருக்கிறார் என்றார். தனபாலன் அண்ணையை எனக்கு நன்றாகத் தெரியும். அறுபத்திரண்டு வயது, பெற்றோல் நிலையத்தில் மனேஜர், நெடுநாளாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வலது காலின் பெருவிரலில் ஒரு புண் இரண்டு வருடத்தில் மூன்று தரம் சீழ் பிடித்திருந்தது. சிவப்புப் பட்டை இருந்ததால் மூன்று தரமும் இரண்டாந்தர மருந்துதான். இம்முறை புண்ணிலிருந்து எடுத்த கிருமி அந்த மருந்துகளுக்கு அடங்கவில்லை. பெனிசிலின் குடும்பத்துக்கு அடங்கும். ஆனால் பட்டை குறுக்கே நிற்கிறது. புண் இப்படியே போனால் விரலை எடுக்கவேண்டும் என்று அங்கே பேச்சாம். “பெனிசிலின் எடுத்தபோது அவருக்கு என்ன நடந்தது? உங்கள் பதிவில் ஒன்றுமே இல்லையே” என்று கேட்டார் அந்தப் பார்மசிஸ்ட்.

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டுப் பதிவைத் தோண்டினேன். அடியில், அவர் முதன்முதலாகச் சர்ஜரியில் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தின் பிரதி இருந்தது. அலர்ஜி என்ற இடத்தில் “பெனிசிலின்”. என்ன நடந்தது என்ற இடம் வெறுமை. கையெழுத்து என்னுடையது. பார்மசி படிக்கப் போகுமுன், என் இருபதுகளின் கடைசியில், இதே சர்ஜரியில் நான் வரவேற்பு மேசையில் இருந்தவன். ஆங்கிலம் தெரியாத எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். எப்படிக் கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும். “அண்ணை, ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாதோ?” என்று கேட்டிருப்பேன். “ஓம், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது” என்றிருப்பார். நான் கொடுத்த சொல்லையே அவர் திருப்பித் தந்திருக்கிறார். நான் அதை அலர்ஜி என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. நான்தான் சிரித்துக்கொண்டிருந்ததில் அதுவரை போய்ச் சேரவில்லை.

டொக்டர் வசந்தியின் கதவைத் தட்டி, “அந்தப் பட்டையைப் போட்டது நான்தான்” என்றேன். படிவத்தை நீட்டினேன். படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உட்காரக் கதிரையைக்கூடக் காட்டவில்லை. “ஒத்துக்காதுன்னு சொன்னா நானும் அலர்ஜின்னுதான் எழுதியிருப்பேன். முதல்ல அவருக்கு போன் போட்டு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. அழுறத அப்புறமா வச்சுக்கலாம்.”

ஆறு நாள் மிளகு

வார்டில் தனபாலன் அண்ணை தொலைபேசிக்கு வந்தார். குரல் களைத்திருந்தது. “அண்ணை, முந்தி எப்பவோ பெனிசிலின் எடுத்தனீங்கள் தானே? அப்ப என்ன நடந்தது? ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ” என்றேன். இம்முறை என் வாயால் எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்ததாம். பிறகு வயிற்றாலே போனதாம். அவர் சொல்லி முடித்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தோல் தடித்ததா? இல்லை. உதடு, நாக்கு, கண் வீங்கினதா? இல்லை. மூச்சு? “மூச்சு நல்லா இருந்தது. வயிறுதான் தீயாய் எரிஞ்சது. சரியான சூட்டு மருந்து தம்பி அது.”

சாப்பாட்டோடா எடுத்தீர்கள் என்று கேட்டேன். “சாப்பாடோ? அப்ப கந்தசஷ்டி எல்லே. பல்லு வீங்கிக் குளிசை தந்தவங்கள். நான் மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகு, ரெண்டாம் நாள் ரெண்டு, அப்பிடி ஆறு நாளும். மிளகும் தண்ணியும்தான்.” எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெறும் வயிற்றில் ஆறு நாள் மிளகு. அதன் மேல் வேளைக்கு ஒரு குளிசை. எரிந்தது மிளகாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா அண்ணை என்று மெல்லக் கேட்டேன். களைத்த குரல் சட்டென்று நிமிர்ந்தது. “முருகன்ரை மிளகைக் குறை சொல்லேலுமோ தம்பி? குளிசையைத்தான் சொல்லலாம்.”

ஒரு மணித்தியாலம்

நடந்ததை ஆங்கிலத்தில் வரிக்கு வரி எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மிளகையும் விடவில்லை. இது அலர்ஜி போல இல்லை, ஆனாலும் முதலில் ஒரு வேளை மருந்தை வாயால் கொடுத்து, பக்கத்தில் இருந்து ஒரு மணித்தியாலம் பார்ப்போம் என்று பதில் வந்தது. காலை பத்து மணிக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

பத்திலிருந்து பதினொன்று வரை நான் மூன்று நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். பதிவில் இருப்பதால்தான் எனக்கே தெரியும். ஒரு தரம் பிழையாக எழுதியவன் இன்னொரு தரம் பிழையாகக் கேட்டிருந்தால்? மூச்சு நன்றாக இருந்தது என்று அவர் சொன்னது விரலைக் காப்பாற்றும் அவசரத்தில் சொன்னதாக இருந்தால்? பதினொன்றேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. தாதி இல்லை, டொக்டர் இல்லை, அவரேதான். “தம்பி, ஒண்டும் நடக்கேல்லை. ஆனால் சரியான பசி. அலர்ஜிக்காரருக்குப் பசிக்குமோ எண்டு இவையிட்டை ஒருக்கா இங்கிலீசிலை கேட்டுச் சொல்லும்.”

பெருவிரல்

அன்றைக்கே அவருக்குச் சரியான மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்கினார்கள். சில நாளில் சிவப்பு வடிந்தது, பிறகு வீக்கம் வடிந்தது. விரலை எடுக்கும் பேச்சு நின்றது. பட்டையை நானே அழித்தேன். இன்னார் விசாரித்தது, இன்னது நடந்தது, அலர்ஜி இல்லை என்று முழுசாக எழுதி என் பெயரையும் போட்டேன். ஆனால் அதோடு முடியவில்லை. அவருக்கு விஷயம் தெரியாது. நல்ல தம்பி, அக்கறையாகப் போன் எடுத்துக் கேட்டவன் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் புகழ்ச்சி எனக்கு முள்ளாகக் குத்தியது. சொல்லவேண்டியது கடமை என்று டொக்டர் வசந்தி சொன்னார். சர்ஜரி சார்பில் கடிதமும் போகும் என்றார். கடிதத்துக்கு முன்னால் என் வாயால் போகட்டும் என்றேன்.

போன சனிக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். சோபாவில் சாய்ந்து, கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் வைத்திருந்தார். பெருவிரல் கட்டுக்கு வெளியே நுனி காட்டிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் அடுக்கி வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை. “அண்ணை, உங்களுக்குப் பெனிசிலின் அலர்ஜி எண்டு முதல் எழுதினது நான். ஒழுங்காக் கேக்காமல் எழுதிப்போட்டன். இந்த ரெண்டு வருசமும் நீங்கள் பட்ட பாடு அதாலைதான்” என்றேன். அவர் ரிமோட்டை எடுத்தார். தொலைக்காட்சியை நிறுத்தினார். “மூண்டு தரம்,” என்றார். “மூண்டு தரமும் வேலைக்குப் போகேலாமல் கிடந்தனான். போன மாசம் விரலை வெட்டுற பேப்பரைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டவங்கள். தெரியுமோ உமக்கு?” தெரியும் என்றேன். தலையை நிமிர்த்த முடியவில்லை.

பிறகு அவர் காலை மெல்ல ஸ்டூலில் இருந்து இறக்கினார். பெருவிரலை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்தது. அதன் ஓரத்தில் வேறொன்றும் இருந்தது. “இதை வெட்டியிருந்தாங்கள் எண்டால் உம்மை உதைக்க எனக்கு வழியில்லாமல் போயிருக்கும். இப்ப இருக்கு. கிட்ட வாரும்.”

அன்ரிபயோட்டிக்கைக் குறைக்க நாடு எத்தனையோ திட்டம் போடுகிறது; என் அறையில் அது குறைந்ததெல்லாம், “அப்ப என்ன நடந்தது?” என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்த நாட்களில்தான்.